தெரிந்த சொல்லே காதுக்குப் பிடிபடாமல் போவது ஏன்?

ஆங்கிலத்தில் ஒருவர் பேசுகிறார். பாதி புரிகிறது, பாதி நழுவிவிடுகிறது. பிறகு அதே பேச்சை எழுத்தில் கொடுத்தால், தெரியாத சொல் என்று அதில் ஒன்றுகூட இருப்பதில்லை. ‘இதையா சொன்னார்?’ என்று திகைப்பாக இருக்கும். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படித்தவர்களில் இந்தத் திகைப்பை அறியாதவர் குறைவு.

எனக்கு இது தொழிலாகவே அமைந்தது. ஆங்கில ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. அலுவலகக் கூட்டங்கள், நேர்காணல்கள், மருத்துவர்கள் வாயால் சொல்லிப் பதிவுசெய்த குறிப்புகள், கருத்தரங்க உரைகள் என எல்லாம் வரும். காதில் ஹெட்போன், காலடியில் பெடல். ஒரு பக்கம் மிதித்தால் ஓடும், மறுபக்கம் மிதித்தால் சில நொடி பின்னே போகும். ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் அந்த வேலையில் காலம் போனது. எந்த இடத்தில் சொல் மறைகிறது, எந்த இடத்தில் இரண்டு சொல் ஒட்டிக்கொண்டு மூன்றாவது சொல்லாகத் தோன்றுகிறது என்பதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துவைக்கும் பழக்கம் அப்போது வந்தது. பின்னாளில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பும் என்னிடம் வந்தது. அந்த நோட்டிலிருந்தும் அந்தப் பயிற்சியிலிருந்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

‘எனக்கு வொகாபுலரி போதாது, அதனால்தான் கேட்டால் புரியவில்லை’ என்று பலர் சொல்வார்கள். தட்டச்சு செய்ததைத் திருத்திய அனுபவத்தில் சொல்கிறேன்: தவறவிட்ட சொற்களில் பெரும்பாலானவை ஐந்தாம் வகுப்புச் சொற்கள்தான். ‘ஹிம்’, ‘ஹாவ்’, ‘ஆஃப்’, ‘தெம்’, ‘டு’, ‘கேன்’. நீளமான மருத்துவச் சொல்லை அகராதியில் தேடிச் சரியாக அடித்திருப்பார்கள். அதற்குப் பக்கத்தில் இருந்த இரண்டெழுத்துச் சொல் காணாமல் போயிருக்கும். கேட்கும் திறன் பற்றி ஆராய்ந்த ஜான் ஃபீல்ட் 2008-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. ஆங்கிலம் கற்பவர்கள் பொருள் தாங்கும் சொற்களை ஓரளவு நன்றாகவே பிடித்துவிடுகிறார்கள். இலக்கணச் சிறுசொற்களைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

ஏன் அப்படி? அந்தச் சிறுசொற்கள் புத்தகத்தில் இருக்கும் வடிவத்தில் பேச்சில் வருவதே இல்லை. ‘ஷுட் ஹாவ் பீன்’ என்று நாம் படித்தது ‘ஷுடபின்’ என்று வருகிறது. ‘டெல் ஹிம்’ என்பது ‘டெலிம்’. ‘டெல் தெம்’ என்பது ‘டெலம்’. ‘கைண்ட் ஆஃப்’ வெறும் ‘கைண்ட’ ஆகிவிடுகிறது. ‘இஸ் ஹி பிஸி’ என்ற கேள்வி ‘இஸி பிஸி’ என்று வந்து விழும்போது, நம் காது ‘ஈஸி’ என்ற சொல்லைத் தேடிக்கொண்டு போய்விடுகிறது. ‘ஹாவ்’ என்ற சொல் நமக்குத் தெரியும், உண்மைதான். ஆனால் கண்ணுக்குத்தான் தெரியும். பேச்சில் அது ‘அவ்’ என்றும், சில சமயம் வெறும் ‘அ’ என்றும் வரும் என்பது காதுக்குத் தெரியாது. ஒரு சொல்லுக்கு எழுத்து வடிவம் ஒன்று, பேச்சு வடிவம் மூன்று நான்கு. அத்தனையையும் காதுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்தாக வேண்டும்.

ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கு ஒவ்வொரு சொல்லும் மணிமணியாகக் கேட்கிறது என்று நினைக்கிறோம். அதுவும் இல்லை. 1960களில் இர்வின் பொல்லாக், பிக்கெட் என்ற இருவர் இயல்பான உரையாடல்களைப் பதிவுசெய்து, அதிலிருந்து தனிச்சொற்களை வெட்டியெடுத்து ஆங்கிலேய மொழிக்காரர்களுக்கே போட்டுக் காட்டினார்கள். ஏறக்குறையப் பாதிச் சொற்களைத்தான் அவர்களால் அடையாளம் காண முடிந்தது. அக்கம்பக்கத்துச் சொற்களையும் சேர்த்துப் போட்டபோது அதே ஒலி தெளிவாகிவிட்டது. 1970-ல் ரிச்சர்ட் வாரன் இன்னும் ஒருபடி போனார். ஒரு வாக்கியத்தில் ஓர் ஒலியை முழுவதுமாக நீக்கிவிட்டு, அந்த இடத்தில் இருமல் சத்தத்தை ஒட்டினார். கேட்டவர்களுக்கு ஒலி விடுபட்டதே தெரியவில்லை. சொல் முழுதாகவே கேட்டது. ஆக, அவர்களுக்கு வரும் ஒலியும் நமக்கு வரும் ஒலியும் ஒன்றுதான். இல்லாததை இட்டு நிரப்பிக்கொள்ளும் பழக்கம் அவர்களுக்கு இருக்கிறது. நாம் எல்லா ஒலியும் வந்து சேரட்டும் என்று காத்திருக்கிறோம். அது வருவதே இல்லை. இந்த ஆய்வுகளைப் படித்தபோது எனக்குப் பெரிய நிம்மதி வந்தது. என் காதில் குறையில்லை, நான் எதிர்பார்த்த பொருளே பேச்சில் இல்லை என்று தெரிந்தபிறகு தேடும் விதம் மாறியது.

இந்த இடத்தில் தமிழ் படித்தவர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது என் ஆதங்கம். ஆங்கிலச் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டும்போது நடப்பதெல்லாம் நாம் பள்ளியில் படித்த புணர்ச்சிதான்.

மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின் உயிரில் தொடங்கும் சொல் வந்தால், உயிர் அந்த மெய்மேல் ஏறிக்கொள்ளும். ‘பால் இல்லை’ என்பது ‘பாலில்லை’ ஆகிறது. ‘டர்ன் ஆஃப்’ என்பது ‘டர்னாஃப்’ ஆவதும், ‘பிக் இட் அப்’ என்பது ‘பிக்கிட்டப்’ ஆவதும் அதே விதிதான். உயிருக்குப் பின் உயிர் வந்தால் நடுவே யகரமோ வகரமோ தோன்றும். உடம்படுமெய் என்று படித்தோம். ‘மணியடித்தது’, ‘திருவருள்’. ஆங்கிலத்தில் ‘ஸீ இட்’ என்பது ‘ஸீயிட்’ என்றும், ‘கோ அவே’ என்பது ‘கோவவே’ என்றும் வருகிறது. ஈகாரத்துக்குப் பின் ய், ஓகாரத்துக்குப் பின் வ். அப்படியே பொருந்துகிறது. திரிதலும் உண்டு. ‘பெரும்’ என்ற சொல் ‘பெருங்கடல்’ என்று வரும்போது ங் ஆகிறது, ‘பெருந்துயர்’ என்று வரும்போது ந் ஆகிறது. வருமொழியின் முதல் எழுத்துக்கு இனமான மெல்லெழுத்தாக மாறிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் ‘டென்’ என்ற சொல் ‘பாய்ஸ்’ முன்னால் ‘டெம்’ என்றும், ‘கப்ஸ்’ முன்னால் ‘டெங்’ என்றும் ஒலிப்பது அதே காரணத்தால்தான். கெடுதலும் இருக்கிறது: ‘நெக்ஸ்ட் டே’ என்பதில் நடு டகரம் கெட்டு ‘நெக்ஸ் டே’ ஆகும், ‘லாஸ்ட் வீக்’ என்பது ‘லாஸ் வீக்’. இறந்தகால ‘-ட்’ இப்படித்தான் பேச்சில் கரைகிறது. ‘ஃபினிஷ்ட் நவ்’ என்று சொன்னதை ‘ஃபினிஷ் நவ்’ என்று எழுதிவிட்டால் காலமே மாறிப்போகும்.

பயிற்சிக்கு வந்தவர்களிடம் இதைச் சொன்னபோது அவர்கள் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். ‘ஆங்கிலேயர் வாய்க்குள்ளேயே முழுங்கிப் பேசுகிறார்கள்’ என்ற எரிச்சல் போய், ‘இது விதிப்படிதான் நடக்கிறது’ என்ற தெளிவு வரும். விதிப்படி நடக்கும் ஒன்றைப் பிரித்தெடுக்கலாம். ‘பாலில்லை’ என்பதைக் கேட்ட நொடியில் பிரித்துவிடும் காது ‘டர்னாஃப்’ என்பதையும் பிரிக்கப் பழகும்.

ஒருநாள் பயிற்சியில் இருந்த பெண் ஒருத்தி ஹெட்போனைக் கழற்றிக்கொண்டு வந்தாள். ‘ஹி வுட் டோல்ட் அஸ்’ என்று அடித்திருந்தாள். அங்கே ‘ஹாவ்’ விடுபட்டிருக்கிறது என்று நான் குறித்திருந்தேன்.

“அக்கா, பத்து தடவ கேட்டுட்டேன். ‘ஹாவ்’னு அவர் சொல்லவே இல்லக்கா.”

“சரி, நீ அடிச்சத வாய்விட்டுப் படி. ‘வுட்’ பக்கத்துல ‘டோல்ட்’ வருமா?”

“வராது. ‘வுட் டெல்’னுதான் வரணும்.”

“அவர் ‘டெல்’னு சொன்னாரா?”

“இல்ல, ‘டோல்ட்’னு தெளிவா கேக்குது.”

“அப்ப நடுவுல ஒண்ணு இருந்தே ஆகணும். ‘ஹாவ்’னு தேடாத. ‘வுட்’ முடிஞ்ச எடத்துல காத வை.”

மறுபடி கேட்டாள். “இருக்குக்கா! ‘அ’ மாதிரி சின்னதா ஒண்ணு ஒட்டிட்டு நிக்குது” என்றாள். ‘வுட டோல்ட்’. அவ்வளவுதான் அதன் உருவம்.

இலக்கணம் படித்ததால் கேட்கும் திறன் வளராது என்று இன்று பரவலாகச் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. எங்கே காதை வைக்க வேண்டும் என்று காட்டுவது பல நேரம் இலக்கணம்தான். அந்தப் பெண்ணுக்கு அன்று உதவியது அவள் பள்ளியில் படித்த வினைச்சொல் அட்டவணைதான்.

புணர்ச்சியில் நமக்குக் கை கொடுக்கும் தமிழ், அழுத்தத்தில் கைவிட்டுவிடுகிறது. தமிழில் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் சொல்லின் பொருள் மாறாது. அதனால் நம் காது அழுத்தத்தைக் கவனிக்கப் பழகியதில்லை. ஆங்கிலத்திலோ ஒரு சொல்லின் முகமே அழுத்தம் விழும் அசைதான். மற்ற அசைகளின் உயிரெழுத்தெல்லாம் மங்கி ஏறக்குறைய ‘அ’ ஆகிவிடும். ‘ஃபோட்டோகிராஃப்’ என்று நாம் எல்லா எழுத்துக்கும் சம மரியாதை கொடுத்துச் சொல்கிறோம். அவர்கள் ‘ஃபோ’ மேல் ஏறி நின்றுவிட்டு மற்றதைக் கடந்துவிடுவார்கள். அதே சொல் ‘ஃபோட்டோகிராஃபி’ ஆனால் அழுத்தம் இரண்டாம் அசைக்குத் தாவி ‘ஃபடாக்ரஃபி’ என்று கேட்கும். எழுத்தில் அண்ணன் தம்பியாக இருக்கும் இரண்டும் காதுக்கு அந்நியர்கள்.

தமிழில் கலந்துவிட்ட ஆங்கிலச் சொற்கள் இந்த விஷயத்தில் கூடுதல் சிக்கல் தருகின்றன. ‘டெவலப்மென்ட்’ என்று நாம் அன்றாடம் சொல்கிறோம். முதல் அசையில் அழுத்தம். பேச்சில் வருவது ‘டிவெலப்மன்ட்’. இரண்டாம் அசையில் அழுத்தம். ‘கம்ஃபர்டபிள்’ என்பது ‘கம்ஃப்டபிள்’ என்று மூன்று அசையில் முடிந்துவிடும். ‘வெரைட்டி’ என்பது ‘வரையிட்டி’. நமக்குச் சொந்தமாகிவிட்ட சொல் என்பதால் அகராதியில் இவற்றின் உச்சரிப்பைப் பார்க்க வேண்டும் என்று தோன்றுவதில்லை. நான் பார்க்கச் சொல்வேன். புதுச் சொல்லைவிடப் பழகிய சொல்லின் உச்சரிப்பைச் சரிபார்ப்பதில் கிடைக்கும் பலன் அதிகம். ஏனென்றால் அது அடிக்கடி வரும்.

அழுத்தம் சொல்லை அடையாளம் காட்டுவதோடு நிற்பதில்லை. ஒரு சொல் எங்கே தொடங்குகிறது என்பதையும் அதுதான் சொல்கிறது. பேச்சில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. எழுத்தில் மட்டும்தான் உண்டு. அப்படியென்றால் ஆங்கிலம் பேசுபவர்கள் எதை வைத்துப் பிரிக்கிறார்கள்? ஆன் கட்லர் என்ற உளமொழியியல் அறிஞர் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்தக் கேள்விக்குக் கொடுத்தார். அவரும் டேவிட் கார்ட்டரும் 1987-ல் ஆங்கில உரையாடல்களை ஆராய்ந்தபோது, பொருள் தாங்கும் சொற்களில் பத்துக்கு ஒன்பது, அழுத்தமான அசையில்தான் தொடங்குவதைக் கண்டார்கள். மறுவருடம் டென்னிஸ் நோரிஸுடன் சேர்ந்து, ஆங்கிலக் காது அழுத்தமான அசை வந்தவுடன் ‘இங்கே ஒரு சொல் தொடங்குகிறது’ என்று எடுத்துக்கொள்கிறது என்பதைக் காட்டினார். அந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு 1992-ல் கட்லரும் சாலி பட்டர்ஃபீல்டும் செய்த சோதனை நல்ல சான்று. மிக மெல்லிய ஒலியில் ‘கன்டக்ட் அசென்ட்ஸ் அப்ஹில்’ என்று போட்டார்கள். மூன்று சொல்லிலும் அழுத்தம் இரண்டாம் அசையில். கேட்டவர்களில் ஒருவருக்கு அது ‘த டாக்டர் சென்ட்ஸ் ஹர் பில்’ என்று கேட்டது. அழுத்தம் விழுந்த இடமெல்லாம் சொல்லின் தொடக்கமாகிவிட்டது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் ஒரு பயிற்சி செய்யத் தொடங்கினேன். புரியாத வாக்கியத்தில் சொற்களைத் தேடாமல், முதலில் அழுத்தமான அசைகளை மட்டும் மேசையில் விரலால் தட்டிக்கொண்டே கேட்பது. தட்டு விழுந்த இடங்களைத் தாளில் ஓர் எழுத்து, ஓர் அசை என்று குறித்துக்கொள்வது. அந்தக் குறிகளில் இருந்து சொற்களை எழுப்புவது. ஆரம்பத்தில் தட்டு எங்கே விழுகிறது என்றே தெரியவில்லை. கொஞ்சநாள் பொறுத்தால் அது தெரியத் தொடங்கும். நான் கற்றுக்கொண்டதில் மிக அதிகப் பலன் தந்தது இதுதான்.

‘கேன்’, ‘கான்ட்’ குழப்பத்தைத் தீர்த்ததும் இதே அழுத்தம்தான். அமெரிக்கப் பேச்சில் இரண்டிலும் ஒரே உயிரொலி. கடைசி டகரமும் தெளிவாக வெடிக்காது. ஒரு நோயாளியால் நடக்க முடியும் என்று எழுதுவதா, முடியாது என்று எழுதுவதா? டகரத்தைத் தேடினால் கிடைக்காது. முடியும் என்ற ‘கேன்’ மங்கி ‘கன்’ என்று ஓடிவிடும், அடுத்து வரும் வினைச்சொல்லில் அழுத்தம் விழும். முடியாது என்ற சொல்லில் உயிர் மங்காமல் முழுதாக நிற்கும், அழுத்தமும் அதன்மேல் இருக்கும். ‘தர்ட்டீன்’, ‘தர்டி’ போன்ற எண்களிலும் அழுத்தம் உதவும். ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. ‘தர்ட்டீன் பீப்பிள்’ என்று அடுத்த சொல்லோடு வரும்போது அழுத்தம் முன்னுக்கு நகர்ந்துவிடும். எண் முக்கியமானால், பேசுபவர் எதிரில் இருந்தால், ‘ஒன் த்ரீயா, த்ரீ ஸீரோவா’ என்று கேட்டுவிடுவதே நல்லது. தாய்மொழிக்காரர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

இன்னொரு இடத்தில் தமிழ்க் காது தானாகவே கூர்மையானது: குறில், நெடில். ‘படு’ என்பதையும் ‘பாடு’ என்பதையும் நாம் குழப்பிக்கொள்வதில்லை. ஆங்கிலத்தில் முதுகைக் குறிக்கும் ‘பேக்’, பையைக் குறிக்கும் ‘பேக்’ இரண்டும் தமிழ் எழுத்தில் ஒன்றாகவே வருகின்றன. இருக்கையைக் குறிக்கும் ‘ஸீட்’, விதையைக் குறிக்கும் ‘ஸீட்’ இரண்டும் அப்படியே. விலைக்கும் பரிசுக்கும் உரிய ‘ப்ரைஸ்’ என்பதும் அதே கதைதான். கடைசி மெய்யொலியை வைத்துப் பிரிக்க முயன்றால் தோல்விதான் மிஞ்சும். வேகமான பேச்சில் அது பாதி வாயிலேயே நின்றுவிடும். அதற்கு முந்திய உயிரைக் கேளுங்கள். கடைசி ஒலி வல்லோசையானால், அதாவது முதுகு, இருக்கை, விலை ஆகியவற்றில், உயிர் சுருங்கும். மெல்லோசையானால், அதாவது பை, விதை, பரிசு ஆகியவற்றில், உயிர் நீளும். அளவில் உள்ள அந்த வித்தியாசம் நம் காதுக்கு உடனே எட்டும். நெடுநாள் குழப்பமாக இருந்த பல சோடிச் சொற்கள் எனக்கு இப்படித்தான் பிரிந்தன.

ஒலி பிரியாவிட்டால் அந்த ஒரு சொல்தான் தவறும் என்று நினைக்க வேண்டாம். ஒரு சொல் ஒலிக்கத் தொடங்கியவுடன், அதே ஒலியில் தொடங்கும் பல சொற்கள் மனத்தில் ஒரே நேரத்தில் எழுந்து போட்டியிடுகின்றன; மேலும் ஒலி வரவர ஒவ்வொன்றாக விலகுகின்றன. இரண்டாம் மொழிக்காரர் மனத்தில் போட்டிக்கு வரும் கூட்டம் இன்னும் பெரியது. 2004-ல் ஆந்த்ரியா வேபரும் கட்லரும் டச்சு மொழிக்காரர்களுக்குச் சில படங்களைக் காட்டி, ஆங்கிலச் சொல்லைக் கேட்கும்போது அவர்கள் கண்ணசைவைப் பதிவுசெய்தார்கள். ‘பாண்டா’, ‘பென்சில்’ என்ற ஆங்கிலச் சொற்களின் முதல் உயிரொலிகளைப் பிரித்தறிவது டச்சுக்காரர்களுக்குக் கடினம். ‘பாண்டா’ என்ற சொல் காதில் விழுந்தபோது, அவர்கள் கண் பென்சில் படத்தின் பக்கமும் போனது. அந்தத் தேவையில்லாத போட்டியாளரை விலக்க நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்துக்குள் பேச்சு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறது. ‘வேகமாகப் பேசுகிறார்கள்’ என்று நமக்குத் தோன்றுவதில் ஒரு பகுதி இதுதான்.

சரி, வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது?

நாள் முழுவதும் ஆங்கிலத்தைப் பின்னணியில் ஓடவிடுங்கள் என்ற அறிவுரையை நான் யாருக்கும் சொல்வதில்லை. புரிகிற பகுதி புரிந்துகொண்டே இருக்கும், புரியாத பகுதி புரியாமலே ஓடிக்கொண்டிருக்கும். சின்னத் துண்டுதான் வேண்டும். எழுத்து வடிவமும் கிடைக்கக்கூடிய, தயாரித்து வாசிக்காத இயல்பான பேச்சு ஒரு நிமிடம் போதும். வாக்கியம் வாக்கியமாக நிறுத்திக் கேட்டதை எழுதுங்கள். கேட்காத இடத்தைக் கோடாக விடாமல், என்ன ஒலி விழுந்ததோ அதைத் தமிழ் எழுத்திலேயே எழுதிவையுங்கள். ‘மஸ்டபின்’ என்று விழுந்தால் அப்படியே. பிறகு மூலத்தோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு விடுபடலுக்கும் காரணம் கேளுங்கள். சொல்லே தெரியாதா? தெரிந்த சொல் வேறு உருவத்தில் வந்ததா? பிரித்த இடம் மாறிவிட்டதா? அல்லது முன்கூட்டியே ஊகித்துக்கொண்டு, அந்த ஊகத்துக்கு ஏற்ப ஒலியை வளைத்துக் கேட்டுவிட்டேனா? கடைசி வகை ஆபத்தானது, ஏனென்றால் புரிந்துவிட்டது என்ற நிறைவோடு கடந்துவிடுவோம். இப்படிக் காரணம் எழுதிவைத்த நோட்டு சீக்கிரமே உங்கள் காதின் குணத்தைக் காட்டிவிடும். என்னுடையதில் இரண்டாவது வகையே பக்கம் பக்கமாக நிறைந்திருந்தது.

ஒப்பிட்ட பிறகு, மூலத்தைப் பார்த்துக்கொண்டே அதே துண்டை மறுபடி கேட்பதுதான் பயிற்சியின் உயிர். பலர் விடை தெரிந்ததும் அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். ‘மஸ்ட் ஹாவ் பீன்’ என்று தெரிந்துகொண்டு ‘மஸ்டபின்’ என்ற ஒலியைக் கேட்கும்போதுதான் இரண்டும் மனத்தில் கோத்துக்கொள்கின்றன. வாயாலும் அப்படியே சொல்லிப்பார்ப்பது எனக்கு உதவியது. அன்றாடம் அப்படிப் பேச வேண்டிய கட்டாயமில்லை.

சப்டைட்டில் பற்றி எல்லோரும் கேட்பார்கள். 2009-ல் ஹோல்கர் மிட்டரரும் ஜேம்ஸ் மெக்வீனும் டச்சுக்காரர்களுக்குப் பழக்கமில்லாத ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய உச்சரிப்பில் காட்சிகளைப் போட்டு ஆராய்ந்தார்கள். ஆங்கிலத்திலேயே எழுத்தைப் பார்த்தவர்கள், பிறகு அந்த உச்சரிப்பில் பேசியதை மேலாகப் புரிந்துகொண்டார்கள். தாய்மொழி எழுத்தைப் பார்த்தவர்களுக்கு, புதிதாகக் கேட்ட வாக்கியங்களில் திறன் குறையவே செய்தது. கதை தெரிய வேண்டுமானால் தமிழ் எழுத்தை வைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. காது பழக வேண்டுமானால் ஆங்கில எழுத்து. அதிலும் முதலில் எழுத்தை மறைத்துக் கேட்டுவிட்டு, பிறகு திறப்பதே சரி. எழுத்து கண்முன் இருக்கும்போது கண் படித்துவிடுகிறது; காது கேட்டதாக நம்பிக்கொள்கிறது.

வேகத்தைக் குறைத்துக் கேட்பதற்கு ஓர் எல்லை உண்டு. செயலியில் முக்கால் வேகம் வைத்தால், விழுங்கப்பட்ட ஒலி திரும்பி வராது. விழுங்கியதே மெதுவாகக் கேட்கும். ஓரிடத்தில் என்ன நடந்தது என்று சோதிக்க அது போதும், பழக்கமாக வேண்டாம். கற்பவர்களுக்கென்றே மெதுவாக வாசிப்பது வேறு வகை. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959-ல் தொடங்கிய எளிய ஆங்கில ஒலிபரப்பு, சுமார் 1500 சொற்களுக்குள், வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் வாசிக்கப்பட்டது. தொடக்க நிலையில் நம்பிக்கை தர அது அருமையான முறை. ஆனால் அதில் சொற்கள் முழு உருவத்தோடு வரும். அதிலேயே தங்கிவிட்டால் இயல்பான பேச்சின் உருவங்கள் பழகாது.

குரல்களையும் மாற்றிக்கொண்டே இருங்கள். 1990களின் தொடக்கத்தில் டேவிட் பிசோனியும் சகாக்களும் ஜப்பானியர்களுக்கு ஆங்கிலத்தின் ர, ல ஒலிகளைப் பிரித்துக் கேட்கப் பயிற்சி கொடுத்தார்கள். பல குரல்களில் பயின்றவர்கள் புதிய குரலிலும் பிரித்தார்கள். ஒரே குரலில் பயின்றவர்கள் அந்தக் குரலில் தேறினார்கள். புதிய குரலுக்கு அது கைகொடுக்கவில்லை. எங்கள் வேலையிலும் இதைக் கண்டேன். ஒரே மருத்துவரின் பதிவுகளை மாதக்கணக்கில் செய்தவர் அவர் முணுமுணுத்தால்கூட அடித்துவிடுவார். வேறு ஒருவரின் பதிவைக் கொடுத்தால் தடுமாறுவார்.

நேரில் பேசும்போது நிறுத்திக் கேட்க முடியாது. அங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான்: தவறிய சொல்லை விட்டுவிடுவது. போனதை யோசித்துக்கொண்டு நின்றால், வருவதும் போய்விடும். அழுத்தமான அசைகளைப் பிடித்துக்கொண்டு முன்னே போங்கள். இரண்டு வாக்கியம் தாண்டினால், தவறியது என்னவென்று பெரும்பாலும் தானே தெரியும். தெரியாவிட்டால், ‘ஒருமுறை கூடச் சொல்லுங்கள்’ என்று மொத்தத்தையும் கேட்காமல், புரிந்தவரை திருப்பிச் சொல்லி விடுபட்ட இடத்தை மட்டும் கேளுங்கள். எதிரில் இருப்பவர் அந்த இடத்தைத் தெளிவாக, முழு உருவத்தில் சொல்வார்.

தொலைபேசியை வைத்து உங்கள் திறனை எடைபோட வேண்டாம். பழைய முறைத் தொலைபேசி இணைப்பு ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத்தான் கடத்துகிறது. ‘ஸ்’, ‘ஃப்’ போன்ற ஒலிகளைப் பிரித்துக் காட்டும் அடையாளங்களில் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. அதனால்தான் பெயர்களைத் தொலைபேசியில் எழுத்தெழுத்தாகச் சொல்லும் வழக்கம் ஏற்பட்டது. பெயர்களில் ஊகத்துக்கு இடமே இல்லை; இலக்கணமும் உதவாது, சூழலும் உதவாது. அனுபவமுள்ள தட்டச்சாளர்கள்கூட, பேசப்போகிறவர்களின் பெயர்ப் பட்டியலையும் துறைச் சொற்களையும் முதலில் வாங்கி வைத்துக்கொண்டுதான் பதிவைத் திறப்பார்கள். ஒரு கூட்டத்துக்கோ வகுப்புக்கோ போகுமுன் அதை நீங்களும் செய்யலாம். அன்று வரக்கூடிய பத்துப் பதினைந்து பெயர்களையும் சொற்களையும் எழுதி, ஒவ்வொன்றின் உச்சரிப்பையும் ஒருமுறை கேட்டு, அழுத்தம் எங்கே விழுகிறது என்று கோடிட்டுக்கொண்டு போய் உட்காருங்கள்.